உயிர் மாட்டியிருந்த கார்டு

தில்லைநாயகம் அத்தானுக்குச் சாவதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

விண்ணப்பித்தது அவரில்லை. அப்போது அவரால் மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்ட முடியாது. அவருடைய ஒரே மகள் உமையாள்தான் கோர்ட்டுக்குப் போனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் பங்குனியில் படுத்தவர், மூச்சுக்கு ஒரு குழாய், சாப்பாட்டுக்கு ஒரு குழாய் என்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். முதுகெல்லாம் புண். இனி எழுந்திருக்கப்போவதில்லை என்று பெரிய டாக்டர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். குழாய்களை எடுத்துவிட்டு நிம்மதியாகப் போகவிடுங்கள் என்று மனு.

நீதிபதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நான் உமையாளுக்குத் தாய்மாமன். என் அக்காளைத்தான் அத்தான் கட்டியிருந்தார். அக்காள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அனுமதி எதுவும் கேட்காமல். அந்தக் காலத்தில் அது சுலபமாக இருந்தது.

எங்கள் மணற்குடியில் மழை நின்று வெகுகாலம். கிணறுகள் உப்பாகி, உப்பும் கசப்பாகி, கடைசியில் வாளியை இறக்கினால் கயிறு மட்டும் மேலே வரும். வாளியைத் தண்ணீர் தின்றுவிடும். ஊர் குடித்ததெல்லாம் கடலைத்தான். கடலை உறிஞ்சி உப்பைக் கழித்துக் குழாயில் விடுகிற ஆலை ஒன்று இருந்தது. ஆலையில் மனிதர்களும் வேலை பார்த்தார்கள். ஆனால் பம்புகள் அவர்கள் சொல்வதைக் கேட்கா. சர்வர் சொல்வதைத்தான் கேட்கும்.

ஆதியில் அந்த சர்வருக்குள் நுழைய ஒரு பாஸ்வேர்டு இருந்தது. அப்போதைய தலைமைப் பொறியாளருக்கு மறதி அதிகம். பாஸ்வேர்டை ஆலை மதில்மேல் பெயிண்டில் எழுதி வைத்தார். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அதன் கீழே ‘விளம்பரம் செய்யாதீர்’ என்றும் எழுதினார். எவனோ ஒருவன் எங்கிருந்தோ உள்ளே நுழைந்து குளோரினைக் கூட்டி வைத்துவிட்டான். பண்டகசாலைத் தெருவில் அன்று காலை காபி குடித்தவர்கள் யாரும் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தில்லைநாயகம் அத்தானை அழைத்துப் பூட்டுப் போடச் சொன்னார்கள். அவர் போட்ட பூட்டை உலகத்தில் யாராலும் திறக்க முடியவில்லை. அதுதான் கதை.

கோர்ட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தோம். அத்தான் அறை வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். உள்ளே கட்டிலோரம் ஜெபஸ்டின் உட்கார்ந்திருந்தார். குடிநீர் வாரியத்தில் அத்தானுக்கு அடுத்த அதிகாரி. நாகர்கோவில் பக்கத்து மனிதர். இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு சங்கிலி, சங்கிலி முனையில் அத்தானுடைய ஸ்மார்ட் கார்டு. கையில் நகவெட்டி. அத்தானின் வலது ஆள்காட்டி விரலுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மற்ற விரல்களின் நகங்கள் கழுகு மாதிரி வளர்ந்து கிடந்தன. அவற்றுக்கு அரசாங்க ஒதுக்கீடு இல்லை.

"தள்ளுபடி பண்ணிட்டாங்களாம்லா, மேடம்" என்றார் ஜெபஸ்டின், நிமிராமல்.

"உங்களுக்குச் சந்தோஷம்தானே சார்?"

"சந்தோஷத்தை விடுங்க. நாளைக்குக் காலையில ஊருக்குத் தண்ணி வரும். அவ்வளவுதான்."

உமையாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். விடை வராத கணக்கை விடமாட்டாள். "எனக்கு ஒண்ணை மட்டும் விளக்குங்க. எங்க அப்பா விரல் இல்லாம ஏன் ஒரு பம்பு ஓடாது?"

ஜெபஸ்டின் நகவெட்டியை மடக்கினார். "ஆலையில உள்ள ஒவ்வொரு பம்புக்கும் வால்வுக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் இருக்கு மேடம். ‘இவன் நம்ம ஆளு, நம்பலாம்’னு ஒரு அத்தாட்சி. அதுக்கு ஆயுசு ஒரு நாள். மறுநாள் காலையில சார் தன் கார்டைச் செருகி விரலை வச்சு சர்வர்ல லாகின் பண்ணணும். அப்பத்தான் எல்லாத்துக்கும் புதுச் சான்றிதழ் போகும்."

"போகலன்னா?"

"ஒருத்தனை ஒருத்தன் நம்ப மாட்டான். வால்வு பம்பை நம்பாது. பம்பு மீட்டரை நம்பாது. எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நின்னுரும்."

"நம்ம சொந்தக்காரங்க மாதிரி" என்றேன்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"விரல்தானே? அதுல என்ன..." உமையாளுக்கு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"வெட்டி வச்சா ஆகாது மேடம். ரத்தம் ஓடுதான்னு கார்டு படிக்கிற பெட்டி பாக்கும். கழுத்துல கத்தியை வச்சு விரலை அமுக்க வச்சாலும் ஆகாது. நாடி படபடத்தா பெட்டி ஒத்துக்காது. அதான் காலையில டாக்டர் போடுற அந்த ஊசி. துடிப்பு சீரா இருக்கணும்லா."

"புதுக் கார்டு போடுறது?"

"போடலாம். அதுக்குப் பழைய கார்டு உத்தரவு குடுக்கணும். உத்தரவு குடுக்க ஒரு ரகசிய எண் அடிக்கணும். அந்த எண் சாரோட மனசுக்குள்ள மட்டும்தான் இருக்கு." கட்டிலைப் பார்த்தார். "மனசு எங்க இருக்குன்னு தெரியல."

இன்னொரு கார்டும் இருந்ததுதான். ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வதென்று யோசித்து, லிங்கதுரை என்பவரிடம் இரண்டாவது கார்டைக் கொடுத்திருந்தார்கள். போன மாசியில் அவருக்கு மாரடைப்பு. அவர் சம்சாரம் பாசக்காரி. மூக்குக்கண்ணாடி, மூக்குப்பொடி டப்பா, சீட்டுக்கட்டு என்று அவருக்குப் பிரியமானதெல்லாம் கூடப் போகட்டுமென்று சட்டைப்பையில் வைத்தாள். சீட்டுக்கட்டோடு கார்டும் போயிற்று. மின்மயானத்தில் பொத்தானை அமுக்கியபோது வாரியத்து அதிகாரிகள் எல்லோரும் மாலையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். வேறு கார்டு போடுவதற்கான கோப்பு கையெழுத்துக்கு அலைந்துகொண்டிருந்தபோதே அத்தானும் படுத்துவிட்டார்.

ஆலையைப் பிரித்து, ஒவ்வொரு பம்பாகப் புதிதாக மாட்டலாமாம். இரண்டு வருஷம் ஆகும். செய்து கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி கடையை மூடிவிட்டது.

ஆக, அத்தான் இருந்தாக வேண்டும்.

ஊர் அவரைக் கொண்டாடியது. ஆஸ்பத்திரி வாசலில் களிமண்ணில் செய்த விரல்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளை வரம் கேட்டவர்கள் சின்ன விரலாகவும் தண்ணீர் இணைப்பு கேட்டவர்கள் பெரிய விரலாகவும் வைத்தார்கள். சூடம் காட்டியபோது ஒரு களிமண் விரல் மடங்கியதை நானே பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சந்தனமாரி என்ற பெண் மட்டும் விரல் வைக்கவில்லை. உள்ளேயே வந்து உமையாளின் காலில் விழுந்தாள். அவள் புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பக்கத்து வார்டில் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

"அந்த மெஷினுக்கு நல்ல தண்ணி வேணுமாம் அம்மா. வேற எந்தத் தண்ணியும் ஆகாதாம். நீ கோர்ட்டுக்குப் போனதைக் கேட்டதும் எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு. உங்கப்பாதான் எம் புருஷன்."

"வார்த்தையைப் பாத்துச் சொல்லுங்க அக்கா" என்றாள் உமையாள். அவளைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு அத்தானைப் புரட்டி அவளுக்கு முதுகைக் காட்டினாள்.

சந்தனமாரி பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும்" என்றாள்.

அந்த ‘இருந்தாலும்’ உமையாளை உடைத்துவிட்டது. அதற்கு மேல் அவள் கோர்ட்டைப் பற்றிப் பேசவில்லை. அப்பாவின் புண்ணுக்கு மருந்து வைத்தாள், பள்ளிக்கூடம் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி மருந்து வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் கோமு மைனி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினாள். அத்தானுடன் பிறந்த மூத்தவள். ஒரு கையில் மஞ்சள் பை, மறு கையில் சந்தனக் கல். எதையும் கேட்கவில்லை. தம்பியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, உயிர் எதுலயோ மாட்டியிருக்கு" என்றாள் என்னிடம்.

"பெல்ட்ல மாட்டியிருக்கு மைனி" என்று ஜெபஸ்டினைக் காட்டினேன்.

"கேலி பண்ணாதீரும். ஆசை தீராத உயிரு இப்படித்தான் இழுத்துக்கிட்டுக் கிடக்கும். அதைத் தீத்து வச்சாப் போயிரும்."

பூர்வீக வயலின் மண் கொண்டுவந்திருந்தாள். அதைக் கரைத்துத் தெளியவைத்து இறுத்துச் சாப்பாட்டுக் குழாயில் ஒரு சங்கு ஊற்றினாள். மண்ணாசை இல்லை போலிருக்கிறது, அத்தான் அசையவில்லை. மறுநாள் தன் கழுத்துச் சங்கிலியைக் கல்லில் உரசி ஊற்றினாள். பொன்னாசையும் இல்லை. அதற்கடுத்த நாள் அக்காளுடைய பழைய புடவையின் ஓரத்தை நனைத்துப் பிழிந்து ஊற்றினாள். அத்தானுக்கு லேசாக விக்கல் எடுத்தது. நான் அக்காளை நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

டாக்டர் மெஹருன்னிஸா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஏன் டாக்டர் தடுக்கவில்லை?" என்று கேட்டேன். "நான் தினமும் ஊசியில ஏத்துறதைவிட இது மோசமில்ல ஐயா" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

நாலாவது நாள் காலை. ஜெபஸ்டின் ரீடர் பெட்டியோடு வந்தார். கோமு மைனி சந்தனக் கல்லைக் கழுவித் தயாராக வைத்திருந்தாள்.

"தம்பி, அந்தக் கார்டைக் கொஞ்சம் குடு."

"அம்மா?"

"எந்நேரமும் இதைத்தானே கழுத்துல போட்டுக்கிட்டு அலைஞ்சான். எந்தம்பி பொண்டாட்டி செத்தன்னைக்குக்கூட இதைப் போட்டுக்கிட்டுத்தான் நின்னான். ஆசை இதுலதான் இருக்கு. எனக்கு இப்பத்தான் உறைச்சுது."

"அம்மா, இது அரசாங்கச் சொத்து."

"எந்தம்பியும்தான்."

ஜெபஸ்டின் உமையாளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பாவம், நல்ல மனிதர். காலைதோறும் உணர்வில்லாத ஒருவரின் விரலைப் பிடித்து அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாமல் இளைத்துப்போயிருந்தார். "எங்க வீட்லயும் இதெல்லாம் செய்யதுதான். பாதிரியாருக்குத் தெரியாம" என்றார் மெதுவாக. "ஓரத்தை மட்டும் ரெண்டு இழுப்பு. பிளாஸ்டிக்தான், ஒண்ணும் ஆகாது. சங்கிலியைக் கழத்த மாட்டேன்."

கோமு மைனி கல்லில் தண்ணீர் தெளித்தாள். ஜெபஸ்டின் இடுப்பைச் சரித்து நின்றார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. அமைச்சருடைய உதவியாளர். இன்னும் ஏன் லாகின் ஆகவில்லையாம். "சார்... இதோ சார்... இப்ப சார்..." பெரிய இடத்துக்குப் பேசும்போது ஜெபஸ்டின் சுவர்ப்பக்கம் திரும்பி விறைப்பாக நிற்பது வழக்கம். திரும்பினார். சங்கிலி இழுத்துக்கொண்டு நின்றது. மைனி கார்டை விடவில்லை.

ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தாள். தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கார்டைப் புரட்டினாள்.

"அடியே உமையா! தங்கம் இங்கல்லா இருக்கு!"

கார்டின் முகத்தில் சின்னதாக ஒரு தங்கச் சதுரம். கார்டின் மூளையும் வாயும் காதும் அதுதான். நான் பார்த்தேன். உமையாளும் பார்த்தாள். கார்டு என்றால் என்ன, அந்தச் சதுரம் என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தாள். கட்டிலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மைனி சந்தனம் அரைக்கிற கை. அழுத்தி வட்டமாக அரைத்தாள். ஜெபஸ்டின் "ஆகட்டும் சார்" என்று திரும்பியபோது, கல்லில் மினுங்கிய தண்ணீர் சங்குக்குப் போய், சங்கிலிருந்து குழாய்க்குள் இறங்கிவிட்டிருந்தது. கார்டில் தங்கம் இருந்த இடம் பொட்டு அழிந்த நெற்றி மாதிரி இருந்தது.

ஜெபஸ்டின் கார்டைத் துடைத்துச் செருகினார். ‘கார்டைச் செருகவும்’ என்றது பெட்டி. எடுத்துச் செருகினார். ‘கார்டைச் செருகவும்.’ சட்டை முனையால் துடைத்தார். ஊதினார். சிலுவை போட்டுக்கொண்டு செருகினார்.

"கார்டைத்தானே செருகுதேன்!" என்று பெட்டியிடம் கத்தினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மதியத்துக்குள் சான்றிதழ்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. வால்வு பம்பை நம்பவில்லை. பம்பு மீட்டரை நம்பவில்லை. தொட்டிகளில் இருந்ததை ஊர் பொழுது சாய்வதற்குள் பிடித்துத் தீர்த்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அதற்கு முன்பே காரியங்கள் நடந்துவிட்டன. வாசல் போலீஸ்காரர்கள் எழுந்து போனார்கள். உட்கார்ந்திருந்த நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டார்கள். வாரியத்திலிருந்து போன் வந்தது: தில்லைநாயகம் இனி சாதாரண நோயாளி, குடும்பத்தார் விருப்பப்படி செய்யலாம். கோர்ட்டு கொடுக்காததைத் தேய்ந்த கார்டு கொடுத்துவிட்டது.

மெஹருன்னிஸா டாக்டர் ஊசியை நிறுத்தினார். மூச்சுக் குழாயை எடுத்தார். உமையாள் அப்பாவின் உதட்டில் பால் விட்டாள். நாங்கள் சுற்றி நின்றோம்.

அவர் போகவில்லை. தானாக மூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டையும் விட்டார்.

"என்ன கொழுந்தனாரே, போவான்னு பாத்தா தூங்குதான்?" என்றாள் மைனி, குற்றம் கண்டுபிடித்தவள் போல.

பக்கத்து வார்டில் மெஷின்களை நிறுத்தும் சத்தம் கேட்டது. டாக்டர் அங்கே ஓடினார். திரும்பி வந்தவர் கை கழுவக் குழாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. சந்தனமாரியின் ஒப்பாரி மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

மறுநாள் முற்பகலில் அத்தான் கண் விழித்தார்.

உமையாள் "அப்பா" என்றாள். அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். கரகரத்த குரலில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். ஜெபஸ்டின் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும்தான் அது அந்த ரகசிய எண் என்றும், உத்தரவு கொடுக்க இனி கார்டு இல்லை என்றும் அவருக்கு உறைத்தது. கையை மூடிக்கொண்டு அழுதார்.

"எப்படி டாக்டர்?" என்றாள் உமையாள்.

"நான் எதுவும் செய்யலம்மா. ஊசியை நிறுத்தினேன்." மெஹருன்னிஸா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சித்திரையிலேயே ஒருநாள் இமை ஆடுச்சு. அன்னைக்குப் பெட்டி ஒத்துக்கல, பாதி நாள் ஊருக்குத் தண்ணி வரல. மருந்தை ஏத்தச் சொன்னாங்க. ஏத்தினேன். எழுந்திருக்க மாட்டார்னு எழுதிக் குடுத்தவங்க யாரும் மருந்தை இறக்கிப் பாக்கல. நானும் பாக்கல."

"படபடத்தாக் கூடாதுன்னு யாரு எழுதினது?" என்றார் அத்தான் மெல்ல.

"நீங்கதான் சார்" என்றார் ஜெபஸ்டின்.

அத்தான் அதை ஒப்புக்கொள்வதுபோல் கண்ணை மூடித் திறந்தார். கழுத்தைத் தடவினார். "கார்டு எங்க?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க வயித்துல இருக்கு அத்தான்."

நடந்ததைச் சொன்னேன். சேர்க்காமல் குறைக்காமல் சொன்னேன். உமையாள் வாயை மூடிக்கொண்டதை மட்டும் விட்டுவிட்டேன். அதை அவளே சொன்னாள். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். கோமு மைனி மட்டும் தம்பியின் நெற்றியைத் தடவி, "ஆசை தீந்துட்டுல்லா?" என்று கேட்டாள்.

வாசலில் கூட்டம் கூடியிருந்தது. காலிக் குடங்களின் சத்தம் மேலே வரை கேட்டது. களிமண் விரல்களை எடுத்து ஜன்னலில் எறிந்துகொண்டிருந்தார்கள். சந்தனமாரி முன்னால் நின்றாள். அவள் எறியவில்லை. "யாரு செஞ்சது? பேரைச் சொல்லுங்க. பேரை மட்டும் சொல்லுங்க" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெபஸ்டின் ஜன்னலிலிருந்து திரும்பினார். "யாரையாவது காட்டலன்னா உள்ள வந்துருவாங்க சார்." கோமு மைனியைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் பட்ட பாடு தெரிந்தது. மைனி கல்லைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் முழுங்கிட்டேன்னு சொல்லு" என்றார் அத்தான்.

"சார்?"

"பொய் இல்லயே. என் வயித்துலதானே இருக்கு."

"ஏன் முழுங்கினார்னு கேப்பாங்களே சார்."

அத்தான் யோசித்தார். முப்பது வருஷம் அரசாங்க வேலை பார்த்தவர்.

"பாதுகாப்புக்குன்னு சொல்லு."

ஜெபஸ்டின் கீழே போய் மைக்கில் அப்படியே சொன்னார். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. சந்தனமாரிகூடக் கேட்கவில்லை. பிறகு குடங்களை அங்கங்கே போட்டுவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மேற்கே மலைப்பக்கம் போகிற சாலையில், தண்ணீருள்ள இடம் தேடி ஊர் நடக்கத் தொடங்கியது.